வேட்டைப் பரண் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு பலா மரம் ஏறலாமா?

பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பு வைத்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய தம்பிக்கு அமெரிக்காவில், மிச்சிகனில் வேலை. அங்கே போன பிறகு வில்லோடு மான் வேட்டைக்குப் போகும் பழக்கம் ஒட்டிக்கொண்டதாம். மரத்தில் பரண் மாட்டி, அதில் உட்கார்ந்து காத்திருந்து அம்பு விடுகிற வேட்டை. போன முறை ஊருக்கு வந்தபோது, தான் போட்டுக்கொண்டிருந்த, தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கிற சேஃப்டி பெல்ட் ஒன்றை அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "ஏற ஆள் கிடைப்பதில்லை, நானேதான் ஏறிப் பழம் இறக்குகிறேன். இதைக் கட்டிக்கொண்டு ஏறலாமா? அப்புறம், இருபதடிப் பரணுக்கு இவ்வளவு பட்டையும் கொக்கியும் தேவைதானா?" என்பது கேள்வி.

உங்கள் தம்பிக்கு அது கட்டாயம் தேவை. உங்களுக்கு அது மட்டும் போதாது. ஏன் என்பதுதான் கொஞ்சம் நீளம்.

நான் கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் 19 வருஷம் சேஃப்டி வேலை பார்த்தவன். "பெல்ட் போடு, ஹூக்கை மாட்டு" என்று கத்தியே தொண்டை கட்டிப்போனது. டேங்க் ஆனாலும் மரம் ஆனாலும் விழுகிற கணக்கு ஒன்றுதான். இருபதடி என்பது 6 மீட்டர். அங்கிருந்து கை விட்டால் தரையைத் தொட ஒரு விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். தொடும்போது வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். கடலூர் - பாண்டி ரோட்டில் நாற்பதில் போகிற பைக் நேராகச் சுவரில் மோதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். "இருபதடிதானே" என்ற சொல் அப்புறம் வாயில் வராது.

தம்பி அந்த மரத்தில் என்ன செய்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். வில்லுக்கு எட்டும் தூரம் துப்பாக்கி மாதிரி இல்லை. முப்பது நாற்பது கஜத்துக்குள் மான் வந்தால்தான் உண்டு. அவ்வளவு கிட்டத்தில் தரையில் நின்றால் வாசனையிலும் அசைவிலும் கண்டுபிடித்துவிடும். அதனால்தான் பதினைந்து, இருபதடி உயரத்தில் பரண். விடிவதற்கு முன்னால் இருட்டில் ஏற வேண்டும். அக்டோபர், நவம்பர் குளிரில் இரண்டு மூன்று சட்டை, கனத்த பூட்ஸ், விரைத்துப்போன விரல்கள். மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் கண் சொக்கும். திடீரென்று மான் வருகிறது, நெஞ்சு படபடக்கிறது, மெதுவாக எழுந்து நின்று நாணை இழுத்து, ஒரு பக்கம் சாய்ந்து குறி பார்க்கிறார். அந்த நேரத்தில் அவர் நிற்பது நம் வீட்டு மனைப்பலகையைவிடக் கொஞ்சமே பெரிய இரும்புத் தட்டில். கண் முழுக்க மான் மேல். கால் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

ஆனாலும் விழுகிறவர்களில் நிறைய பேர் அப்படி நின்றுகொண்டு விழுவதில்லை. ஏறும்போதும் இறங்கும்போதும் விழுகிறார்கள். அதிலும், ஏணியிலிருந்து பரண் தட்டுக்குக் காலை மாற்றி வைக்கிறார்களே, அந்த ஒரு எட்டில். நிறைய பேர் மேலே போய் உட்கார்ந்த பிறகுதான் பெல்ட்டை மரத்தோடு மாட்டுகிறார்கள். அதுவரை அது வெறும் சட்டை.

நான் வேலை பார்த்த இடத்தில் ஒருவர், நல்ல வேலைக்காரர், டேங்க் ஏணியில் ஏறும்போதெல்லாம் ஹூக்கை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு, "மேல போயி மாட்டிக்கிறேன் சார்" என்பார். மேலே போய் மாட்டவும் செய்வார், பொய் சொல்லவில்லை. ஒரு நாள் ஷிஃப்ட் முடிந்து இறங்கும்போது தரைக்குப் பத்தடி இருக்கையில் கால் வழுக்கியது. இரண்டு குதிகால் எலும்பும் நொறுங்கிவிட்டன. அன்று அவர் போட்டிருந்தது புத்தம்புது பெல்ட். பட்டையில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

இதற்குப் பரண்காரர்கள் வைத்திருக்கும் வழி எனக்குப் பிடிக்கும். மரத்தில் பரணுக்கு மேலே ஒரு கயிற்றைக் கட்டி, அடிமரம் வரை தொங்கவிட்டு, கீழேயும் கட்டிவிடுகிறார்கள். அந்தக் கயிற்றின் மேல், அதைவிட மெல்லிய கயிற்றில் ஒரு வளையம், மூன்று சுற்றுச் சுற்றி முடிந்தது. புரூசிக் முடிச்சு என்பார்கள். கையால் தள்ளினால் மேலே வழுக்கிக்கொண்டு போகும். பாரம் விழுந்தால் கவ்விக்கொண்டு நின்றுவிடும். கால் தரையில் இருக்கும்போதே பெல்ட்டை இதில் மாட்டிவிடுகிறார்கள். ஏற ஏற முடிச்சைத் தள்ளிக்கொண்டே போவது, உட்காருவது, வேட்டை முடிந்து இறங்கிக் கால் தரையைத் தொட்ட பிறகுதான் கழற்றுவது. உங்கள் தம்பியிடம் இந்தக் கயிறு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லுங்கள். பெல்ட்டைவிட இதுதான் ஆளைக் காப்பாற்றுகிறது.

வில்லைத் தூக்கிக்கொண்டு ஏறுவதும் கிடையாது. வில்லைக் கீழே கயிற்றில் கட்டிவைத்துவிட்டு, மேலே உட்கார்ந்த பிறகு இழுத்துக்கொள்வார்கள். நாணில் அம்பு இருக்கக் கூடாது. அந்த அம்பு முனை சவர பிளேடு மாதிரி. விழுகிறவன் தன் அம்பின் மேலேயே விழுந்தால் தரை செய்யாததை அம்பு செய்துவிடும். நீங்கள் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறுகிறவராக இருந்தால், அந்தக் கயிற்று வழக்கத்தை மட்டும் இன்றைக்கே கடன் வாங்கிக்கொள்ளலாம்.

(ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் காட்டு விலங்கு வேட்டை 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தம்பி வில்லையும் ஊருக்குக் கொண்டுவருகிறேன் என்று கிளம்பினால் தடுத்துவிடுங்கள். பெல்ட் வரட்டும், வில் அங்கேயே இருக்கட்டும்.)

இப்போது உங்கள் மரத்துக்கு வருகிறேன்.

நம் பக்கத்துப் பனையேறியைப் பாருங்கள். காலில் தளை மாட்டி, மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறுவார். சிலர் உடம்பையும் மரத்தையும் சேர்த்து ஒரு கயிறு போட்டுக்கொள்வார்கள். பனை ஒரே தூண். குறுக்கே ஒரு கிளை கிடையாது. அந்த வளையத்தை அடியிலிருந்து மட்டை வரைக்கும் கழற்றாமலே தள்ளிக்கொண்டு போகலாம். பரண்காரர்களும் நேராகப் போகிற, வழியில் கிளை இல்லாத மரமாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்பார்கள். அதாவது உங்களிடம் இருக்கும் பெல்ட் பனை மாதிரி ஒரு மரத்துக்காக யோசித்துச் செய்தது. பலா அப்படியா? ஆள் உயரத்திலேயே கவை பிரிந்துவிடும். நாலடிக்கு ஒரு கிளை. ஒவ்வொரு கிளையிலும் வளையத்தைக் கழற்றி மேலே மாட்ட வேண்டும். கழற்றுகிற அந்த நேரம் நீங்கள் பெல்ட் இல்லாத ஆள். கிளையைத் தாண்டுகிற சிரமமான நேரமும் அதுவேதான்.

அதனால் பலாவுக்கு இரண்டு கயிறு வேண்டும். கம்பெனியில் இரட்டை ஹூக் என்போம். ஒன்றை மேல் கிளையைச் சுற்றி மாட்டிய பிறகுதான் கீழே இருப்பதைக் கழற்றுவது. எப்போதும் ஒன்றாவது மரத்தோடு இருக்கும். முதல் இரண்டு மரத்துக்கு எரிச்சலாக இருக்கும், மூன்றாவது மரத்தில் கை தானாகச் செய்யும்.

தம்பி கொடுத்த பெல்ட்டில் முக்கியமான பட்டை முதுகுப் பக்கம், கழுத்துக்குக் கீழே இருந்து கிளம்பும். மரத்தில் முதுகைச் சாய்த்து வெளியே பார்த்து உட்காருகிறவருக்கு அது சரி. கிளைக்குள் நுழைந்து நெளிந்து ஏறுகிற உங்களுக்கு முதுகுப் பட்டை சுள்ளியிலெல்லாம் சிக்கும், திரும்பிப் பார்த்து எடுக்கவும் முடியாது. இடுப்பின் இரண்டு பக்கமும் சிறிய வளையம் இருக்கிறதா பாருங்கள். நிறைய பரண் பெல்ட்டில் இருக்கும். ஒரு பக்க வளையத்திலிருந்து கயிற்றை மரத்தைச் சுற்றி மறுபக்க வளையத்தில் மாட்டி, ஈபி லைன்மேன் கம்பத்தில் சாய்ந்து நிற்பது போல இரண்டு கையையும் விட்டு நிற்கலாம். பழத்தை வெட்ட அருமையான வசதி. ஆனால் அது சாய்ந்து நின்று வேலை செய்யத்தான். விழுந்தால் பிடிப்பதற்கு அல்ல. விழுகிறவரைப் பிடிக்கிற கயிறு தனியாக, தலைக்கு மேலே மாட்டியிருக்க வேண்டும்.

தலைக்கு மேலே என்பதை ஏன் அழுத்திச் சொல்கிறேன்? கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கம்பெனியில் தருகிற 2 மீட்டர் கயிற்றைக் கால் அருகே கிளையில் மாட்டிவிட்டு நிற்கிறீர்கள். விழுந்தால் கிளை வரைக்கும் ஏறக்குறைய 2 மீட்டர், கிளைக்குக் கீழே இன்னொரு 2 மீட்டர், ஆக 4 மீட்டர் தடையில்லாமல் விழுவீர்கள். கயிற்றில் அதிர்ச்சியைத் தாங்குகிற ஷாக் அப்சார்பர் பட்டை இருந்தால் அது பிரிந்து நீள்வதற்கு இன்னும் ஒன்றே முக்கால் மீட்டர் வரை எடுக்கும். இதற்கும் கீழே உங்கள் உடம்பு தொங்க வேண்டும். நீங்கள் நின்ற கிளை பன்னிரண்டடி உயரம்தான். கயிறு உங்களைப் பிடித்து நிறுத்துவதற்குள் தரை வந்துவிடும். அதே கயிற்றைத் தலைக்கு மேலே, தொய்வில்லாமல் மாட்டியிருந்தால் ஓரடி சரிவீர்கள், அவ்வளவுதான். பரண்காரர்களின் விதியும் இதுவே: உட்கார்ந்திருக்கும்போது பட்டையில் தொய்வே இருக்கக் கூடாது.

இடுப்பு பெல்ட் மட்டும் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம். விழும் வேகம் முழுவதும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். அல்லது ஆள் தலைகீழாகி நழுவிப் போவார். நெஞ்சைச் சுற்றிக் கட்டுகிற ஒற்றைப் பட்டை மூச்சை நிறுத்தும். தோள், நெஞ்சு, இரண்டு தொடை எல்லாவற்றையும் பிடிக்கிற முழு பெல்ட்தான் வேண்டும். தொடைப் பட்டைக்கும் காலுக்கும் நடுவே விரித்த கை நுழைய வேண்டும், மடக்கிய கை நுழையக் கூடாது. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இதைப் போட முடியாது. ஒரு பழைய பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். கைலியோடு போட்டுத் தொங்கினால் என்ன ஆகும் என்பதை இங்கே விவரிக்க மாட்டேன்.

தொங்குவது என்றதும் ஞாபகம் வருகிறது. பெல்ட் பிடித்துவிட்டது, உயிர் தப்பியது என்று எல்லோரும் நினைக்கும் இடத்தில்தான் இன்னொரு ஆபத்து ஆரம்பிக்கிறது. ட்ரெயினிங் கொடுக்கும்போது ஒருமுறை என்னையே கட்டித் தொங்கவிடச் சொன்னேன். கால் தரைக்கு ஓரடி மேலே. முதல் நிமிஷம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் தொடைப் பட்டை இறுக்குவது தெரிந்தது, பாதத்தில் எறும்பு ஊருகிற மாதிரி இருந்தது, அப்புறம் கால் இருப்பதே தெரியவில்லை. நெற்றி வியர்த்து, காது அடைத்தது. "இறக்குங்கப்பா" என்று சொன்ன என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது. காலை அசைக்காமல் தொங்கும்போது ரத்தம் காலிலேயே தேங்கிவிடுகிறது; தசை அசைந்தால்தான் அது மேலே ஏறும். தேங்கினால் மூளைக்குப் போவது குறைந்து மயக்கம் வரும். சில நிமிஷங்களிலேயே வரலாம். மயங்கிய ஆள் அதே நிலையில் தொங்கிக்கொண்டிருந்தால் உயிருக்கே ஆபத்து.

அதற்காகத்தான் பரண் பெல்ட்டில் ஒரு சின்னப் பட்டை மடித்து வைத்திருப்பார்கள். விழுந்து தொங்கினால் அதைப் பிரித்து, காலை உள்ளே வைத்து ஊன்றி எழுந்து நிற்கலாம். அது தொலைந்து போயிருந்தால் கயிற்றில் கால் நுழைகிற அளவு ஒரு வளையம் முடிந்து பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் இல்லாத நேரத்தில் மரத்தை உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும், சைக்கிள் மிதிப்பது போலக் காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். போன் நெஞ்சுப் பாக்கெட்டில் இருக்கட்டும், கீழே கழற்றிய சட்டையில் அல்ல. தம்பி எந்த மரத்தில் இருக்கிறார், எப்போது திரும்புவார் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறாரா? நீங்கள் தனியாகத் தோப்பில் ஏறுகிறீர்களா? முதல் கேள்விக்கு 'ஆமாம்', இரண்டாவதற்கு 'இல்லை' என்பதுதான் பதிலாக இருக்க வேண்டும்.

கிளைக்குக் கிளை இரட்டை ஹூக்கை மாற்றுவதைத் தவிர்க்க, உங்களுக்கு நான் சொல்லும் ஏற்பாடு இது. ஒரு சின்னப் பையில் மணலைக் கட்டி, சணலோடு சேர்த்து உயரமான நல்ல கவையின் மேலே எறிந்து மறுபக்கம் இறக்குங்கள். அந்தச் சணலில் கட்டிக் கனமான கயிற்றை இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைப் பக்கத்து மரத்தின் அடியில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். மறுபக்கம் தொங்குகிற கயிற்றில் உங்கள் புரூசிக் முடிச்சு. கிளை எத்தனை வந்தாலும் இந்தக் கயிறு மேலேயிருந்து நேராக வருவதால் கழற்றவே வேண்டாம். இதில் இன்னொரு லாபம் உண்டு. நீங்கள் தொங்கிவிட்டால், கீழே இருப்பவர் பக்கத்து மரத்தின் அடியில் இருக்கிற முடிச்சை அவிழ்த்து, அந்தச் சுற்றுகளின் பிடியிலேயே கயிற்றை மெல்ல மெல்ல விட்டு உங்களை இறக்கிவிடலாம். தனக்குத் தெம்பு இல்லையே என்று வீட்டம்மா பயப்பட வேண்டாம். பாரத்தைச் சுற்று தாங்கும். கயிறு கவையின் உயரத்தைப் போல மூன்று மடங்கு நீளம் இருக்கட்டும். இப்படிக் கட்டும்போது கவையின் மேல் உங்கள் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரம் விழும். அதனால் தொடைப் பருமனுக்குக் குறைந்த கிளை வேண்டாம். 2011 டிசம்பரில் தானே புயலுக்குத் தப்பிய மரங்களில் ஒடிந்த கிளையின் அடியில் உளுத்துப் போயிருக்கும், வெளியே பட்டை நன்றாக இருக்கும். அரிவாள் பின்புறத்தால் தட்டிப் பார்த்தால் சத்தமே சொல்லும். பழத்தைத் தட்டிப் பார்க்கத் தெரிந்த கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கயிறு எது என்பதிலும் கவனம் வேண்டும். கடையில் பச்சை, மஞ்சளில் தொங்குகிற பிளாஸ்டிக் கயிறு பழம் இறக்க மட்டும். வெயிலில் அது நாராகிவிடும். ஆளுக்கு நைலான் அல்லது பாலியெஸ்டர், 10 முதல் 12 மில்லிமீட்டர், ஆள் தொங்கவென்றே செய்தது. பாரம் ஏறிய நைலான் கயிற்றில் அரிவாள் லேசாகப் பட்டாலே வெண்ணெய் மாதிரி அறுந்துவிடும். அதனால் வெட்டும்போது சாய்ந்து நிற்கிற கயிறு உள்ளே கம்பி ஓடுகிற வகையாக இருந்தால் நல்லது. பழம் இறக்குகிற கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள், பெல்ட்டிலும் கட்டாதீர்கள். கிளையில் ஒரு சுற்றுப் போட்டு விடுங்கள். இருபது கிலோ பழம் காம்பு அறுந்ததும் உங்களையும் கூப்பிட்டுக்கொண்டு போகும். முசுறு கடித்தால் எப்பேர்ப்பட்டவனும் கையை விடுவான், அதையும் கணக்கில் வையுங்கள். அலுமினியத் தொரட்டியோடு ஈபி லைன் ஓடுகிற மரத்துப் பக்கமே போக வேண்டாம். அதற்கு எந்த பெல்ட்டும் இல்லை.

யாராவது விழுந்துவிட்டால், 'மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்த கதை' நம் ஊரில் நடப்பது தூக்குகிறவர்களால்தான். ஒருவர் அக்குளில், ஒருவர் காலில் பிடித்து, பைக்கில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுபோவார்கள். முதுகுத்தண்டில் முறிவு இருந்தால் இடுப்புக்குக் கீழே வாழ்நாளுக்கும் போய்விடும். 108-க்குப் போன் செய்துவிட்டு, தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொண்டு காத்திருங்கள். பெல்ட்டில் தொங்கி இறக்கப்பட்டவரைப் படுக்க வைக்கக் கூடாது, உட்காரத்தான் வைக்க வேண்டும் என்று முன்பு எங்களுக்கே சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது அந்த அறிவுரை மாறிவிட்டது. மல்லாக்கப் படுக்க வைத்து, மூச்சு இருக்கிறதா பார்த்து, வழக்கமான முதலுதவிதான்.

கடைசியாக, கையில் இருக்கும் அந்த பெல்ட். தோள் பக்கத்திலோ முதுகிலோ ஒரு லேபிள் தைத்திருக்கும். தயாரித்த தேதியும் எடை வரம்பும் அதில் இருக்கும். வரம்பு பெரும்பாலும் 300 பவுண்டு, நம் கணக்கில் 136 கிலோ. பரண் பெல்ட்டுகளுக்கு வழக்கமாக ஐந்து வருஷம்தான் ஆயுள் என்கிறார்கள். வெயில், வியர்வை எல்லாம் நூலைத் தின்னும், கண்ணுக்குத் தெரியாது. தையல் நூல் பட்டையின் நிறத்திலிருந்து வேறு நிறத்தில் இருந்தால் பார்க்கச் சுலபம். ஒரு இடத்தில் பிரிந்திருந்தாலும் வேண்டாம். அதைப் போட்டுக்கொண்டு தம்பி எப்போதாவது விழுந்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஒருமுறை ஆளைப் பிடித்த பெல்ட்டின் வேலை அதோடு முடிந்தது. பலாப் பால் ஒட்டினால் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள், சோப்புத் தண்ணீரும் நிழலும் போதும். எலி வராத இடத்தில் தொங்கவிடுங்கள்.

தேதி தாண்டியிருந்தால், இங்கே ஐஎஸ் 3521 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள முழு பெல்ட் ஒன்று, முன்பக்கம் நெஞ்சில் வளையம் இருப்பதாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். பழையதை வீட்டுப் பரணில் போட்டு வைக்காதீர்கள். கத்தரியால் நாலு துண்டாக வெட்டிப் போடுங்கள். முழுசாக இருந்தால் அடுத்த சீசனில் பழம் இறக்க வருகிற எந்தப் பையனாவது அதை எடுத்து மாட்டிக்கொண்டு ஏறிவிடுவான்.